சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்குக் கேட்கத் தெரியும்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கேமரா கொஞ்சம் ஆடினால் பொறுத்துக்கொள்ளுங்கள், ஸ்டாண்டைத் தம்பி எடுத்துப் போய்விட்டான்.

"பிள்ளைகளைப் போல விசுவாசம் வேண்டும்" என்று பிரசங்கத்தில் வந்தாலே அடுத்து என்ன வரும் என்று நமக்குத் தெரியும். கள்ளம் கபடம் இல்லாத மனசு, வெள்ளை உள்ளம். அப்படிச் சொல்கிறவர் எங்கள் சண்டே ஸ்கூலில் சின்னப் பிள்ளைகளுக்கான பிகினர்ஸ் வகுப்பை ஒரு மாதம் எடுத்துப் பார்க்கட்டும். ஒரு சிவப்பு கிரேயானுக்கு அங்கே நடக்கிற யுத்தத்தைப் பார்த்தால் போதும். திருச்சபைப் பிதாக்களில் ஒருவரான அகஸ்டின் 1,600 வருஷத்துக்கு முன்னாலேயே எழுதியிருக்கிறார்: பேச்சு வராத குழந்தை ஒன்று, தன்னோடு பால் குடிக்கும் இன்னொரு குழந்தையை முகம் வெளிறிப்போய் முறைத்ததாம்.

சரி, அப்புறம் ஏன் இயேசு, பிள்ளையைப் போல வரவேண்டும் என்று பிள்ளைகளைக் காட்டினார்?

அந்தக் காலத்து உலகம் பிள்ளையை எப்படிப் பார்த்தது என்பதற்கு ஒரு கடிதம் இருக்கிறது. எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ், கி.மு. 1-இல் எழுதியது. அலெக்சாந்திரியாவுக்குப் போன ஹிலாரியோன் என்பவர் பிள்ளைத்தாய்ச்சி மனைவிக்கு எழுதுகிறார்: ஆண் பிறந்தால் வைத்துக்கொள், பெண் பிறந்தால் வெளியே போட்டுவிடு. அதே கடிதத்தில் "உன்னை எப்படி மறப்பேன்" என்று பாசமும் பொழிகிறார். யூதர்கள் பிள்ளைகளை அப்படிப் போடுவதில்லை. ஆனாலும் பெரியவர்கள் கூடியிருக்கும் இடத்தில் பிள்ளைக்கு என்ன மரியாதை? பிள்ளைகளை இயேசுவிடம் கொண்டுவந்தவர்களைச் சீஷர்கள் அதட்டியதிலேயே தெரிகிறது.

இப்போது மாற்கு 10-ஆம் அதிகாரத்தை முழுசாக வாசியுங்கள். பிள்ளைகளைத் தடுத்ததற்காக இயேசு விசனமடைகிறார். அடுத்த காட்சியிலேயே ஆஸ்தியுள்ள ஒருவன் ஓடிவந்து, "நான் என்ன செய்யவேண்டும்?" என்கிறான். கற்பனைகளை, அதாவது தேவனுடைய கட்டளைகளையெல்லாம், சிறு வயசிலிருந்தே கைக்கொண்டவன். கை நிறைய வைத்திருந்ததால் துக்கத்தோடு திரும்பிப் போகிறான். பிறகு செபதேயுவின் குமாரர் இருவர் வருகிறார்கள். உங்களுக்கு என்ன செய்யவேண்டும் என்று இயேசு கேட்டால், வலதுபக்கமும் இடதுபக்கமும் நாற்காலி வேண்டுமாம். கடைசியில் எரிகோவில் குருடன் பர்திமேயு. அவனையும் அதட்டுகிறார்கள், அவன் இன்னும் அதிகமாகக் கத்துகிறான். அவனிடமும் இயேசு அதே கேள்வியைத்தான் கேட்கிறார். பார்வை வேண்டும், அவ்வளவுதான். அந்த அதிகாரத்தில் பிள்ளையைப் போல வந்த பெரிய ஆள் அவன்தான். கொடுக்க ஒன்றும் இல்லை, கேட்க வெட்கமும் இல்லை.

நம்முடைய ஜெபத்தைக் கவனித்திருக்கிறீர்களா? பாதி ஆண்டவருக்கு, பாதி பக்கத்தில் கண்மூடி நிற்கிறவர்களுக்கு. எங்கள் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை ஜெபித்தாள்: "இயேசப்பா, எங்க ஆடு ரெண்டு குட்டி போடணும். ஒண்ணு எனக்கு." ஆமென் கூடச் சொல்லவில்லை, உட்கார்ந்துவிட்டாள். ஆடு ஒரு குட்டிதான் போட்டது. அடுத்த ஜெபத்தில் அதையும் கேட்டுவிட்டாள்: "ஒண்ணுதான் போட்டுச்சு, ஏன்?"

நானாக இருந்தால் "எல்லாம் உமது சித்தம்" என்று கடவுளுக்கு வக்கீலாக மாறியிருப்பேன். அவள் ஆண்டவரிடமே போய் முறையிட்டாள். பேச்சையும் விடவில்லை, கோபித்துக்கொண்டு கோயிலுக்கு வராமலும் இல்லை. 13-ஆம் சங்கீதத்தில் தாவீது, "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று ஆரம்பிப்பதும் இந்தக் குரல்தான். வேதாகமத்தில் இருப்பதால் அதை ராகத்தோடு வாசித்துவிட்டுப் போகிறோம். அதையே ஜெபக்கூட்டத்தில் யாராவது சொந்தமாகச் சொன்னால், "சகோதரருக்கு விசுவாசம் குறைந்துவிட்டது" என்று பேச்சு கிளம்பிவிடும்.

அதற்காகப் புத்தியையும் கழற்றி வைக்கச் சொல்லவில்லை. பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, துர்க்குணத்தில் குழந்தைகளாக இருங்கள், புத்தியில் தேறினவர்களாக இருங்கள் என்கிறார். கேள்வி கேட்காமல் தலையாட்டுவதற்குப் பிள்ளைத்தனமான விசுவாசம் என்று பேர் வைப்பவர்கள், நாலு வயசுப் பிள்ளையோடு பத்து நிமிஷம் பஸ்ஸில் போனதில்லை போல.

ஆராதனையில் பிள்ளை லேசாகச் சிணுங்கினால் முன்வரிசை ஐயாக்கள் திரும்பிப் பார்க்கிற பார்வை இருக்கிறதே! அந்தத் தாய் பாதிப் பாட்டிலேயே எழுந்து வெளியே போய்விடுவார். மத்தேயு 21-இல் தேவாலயத்துக்குள் "ஓசன்னா" என்று சத்தம் போட்ட பிள்ளைகளைப் பார்த்துக் கோபப்பட்டவர்கள் பிரதான ஆசாரியரும் வேதபாரகரும். நாமோ குருத்தோலை ஞாயிறு அன்று மட்டும் பிள்ளைகளை முன்னால் நிறுத்தி, சத்தமாகப் பாடு என்கிறோம். மற்ற ஞாயிறெல்லாம் "உஷ்".

இந்த மே மாத வி.பி.எஸ்-இல் (விடுமுறை வேதாகமப் பள்ளி) வசனம் ஒப்புவிக்கும் போட்டியோடு கேள்விப் பெட்டி ஒன்றும் வைக்கலாம் என்று ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளை கேட்டு நீங்கள் முழித்த கேள்வி இருந்தால் கமெண்டில் போடுங்கள். எங்கள் வகுப்புப் பையன் கேட்டது: "சாத்தானுக்காக ஜெபம் பண்ணலாமா?" எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.