வாசிகசாலைத் திறப்பு யாரிடம்?

வணக்கம் உறவுகளே. இன்றைக்கு யாழ்ப்பாணம் பருத்தித்துறையில், தும்பளை வீதியில் நிற்கிறேன். பின்னால் தெரிவது தெருமூடி மடம். கேமராவைத் திருப்புகிறேன், பாருங்கள். வீதிக்கு மேலேயே கூரை. நடுவால் வாகனம் போகிறது, இரண்டு பக்கமும் கல் தூண், உயரமான திண்ணை. நடந்து களைத்து வருகிறவர்கள் இருந்து ஆறிப் போகட்டும் என்று கட்டியது. வீடுகளில் சங்கடப்படலையும், அதுதான் கூரை போட்ட வாசல் படலையும், அதற்குத்தான். மழைக்கு ஒதுங்க வீட்டுக்காரரைக் கேட்கத் தேவையில்லை.

இப்போது எங்கள் ஒழுங்கைகளில் என்ன இருக்கிறது? தலைக்கு மேலே மதில், இரும்புக் கேட், மூலையில் கேமரா.

நான் நினைப்பது இதுதான். முந்தின சனம் எங்களை விட நல்லவர்கள் என்பதால் ஒன்றாக இருக்கவில்லை. தனியாகச் செய்ய முடியாத வேலைகள் அவர்களுக்கு நிறைய இருந்தன. கிடுகு வேலியை எடுத்துக்கொள்ளுங்கள். வேலி அடைக்கும்போது இந்தப் பக்கம் ஒருவர் குத்தூசியைக் குத்தினால், அந்தப் பக்கம் இன்னொருவர் கயிற்றை வாங்கி, திரும்பக் கோத்துத் தர வேண்டும். கிடுகு உக்கினால் பழையபடி அடைப்பு. பக்கத்து வளவுக்காரரோடு கதைக்காமல் முடியாது. மூலையில் ஒரு பொட்டு விட்டிருப்பார்கள். அதற்குள்ளால் கறிக்கிண்ணம் போகும், பிள்ளைகள் போவார்கள், ஊர்ப் புதினம் முழுக்கப் போகும். எல்லைச் சண்டையும் அந்த வேலியில்தான் வந்தது, கோடு கச்சேரி என்று ஏறி இறங்கினார்கள். என்றாலும் ஆளை ஆள் தெரியும். மதிலைக் கட்டிவிட்டால் கதைக்க ஒரு தேவையும் இல்லை.

1990க்குப் பிறகு போரால் இங்கே வருடக்கணக்காகக் கரண்ட் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, கையால் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோவைக் கொழுவி, இரவில் பிபிசி தமிழோசை கேட்ட கதையை எங்கள் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஒருவருக்குக் கை நொந்தால் அடுத்தவர் சுற்றுவார். ஒழுங்கைச் சனம் அந்த முற்றத்தில் இருக்கும். 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமத்துச் சனம் இரவோடிரவாகத் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, முன்பின் தெரியாதவர்களுக்கு விறாந்தையையும் கிணற்றையும் விட்டுக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். அந்தக் காலம் யாருக்கும் திரும்ப வேண்டாம். அப்படிச் செய்யத் தெரிந்த சனம் நாங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

பழைய ஊரை அப்படியே கேட்கவும் எனக்கு மனமில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் போக, ஒடுக்கப்பட்ட மக்கள் வாசலில் நின்று போராட வேண்டியிருந்தது. கிணற்றில் தண்ணீர் அள்ள விடாததும் இதே ஊர்தான். 1990இல் எங்கள் முஸ்லிம் அயலவர்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். அந்த வீடுகள் வெறுமையாய்க் கிடந்தன. ஒன்றுகூடல் என்று தொடங்கினால் யாரை வெளியே நிறுத்துகிறோம் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? வெளிநாட்டில் இருக்கிற உறவுகளே, இது முக்கியமாக உங்களுக்கு. ஊருக்கு ஊர் சனசமூக நிலையம் இருக்கிறது, அதுதான் எங்கள் வாசிகசாலை. காலையில் பேப்பர் வாசிக்க, பின்னேரம் கரம் விளையாட என்று சனம் வந்து போன இடம். இப்போது சில ஊர்களில் நீங்கள் அனுப்பிய காசில் மாபிள் பதித்து, பெயின்ட் அடித்து, வடிவாக நிற்கிறது. பூட்டியும் நிற்கிறது. திறப்பு யாரிடம் என்று கேட்டால் ஒருவரும் சரியாகச் சொல்ல மாட்டார்கள். பக்கத்திலேயே பெரிய வீட்டில் ஒரு அம்மா தனியாக இருக்கிறா. பிள்ளைகள் கேமராவில் பார்க்கிறார்கள். அவ விழுந்தால் கனடாவில் தெரியும், அடுத்த வளவில் தெரியாது. இதை நினைத்தால் எனக்கு உண்மையாகவே நெஞ்சு பதறுகிறது.

அடுத்த கட்டடத்துக்குக் காசு சேர்க்கிறவர்கள், பின்னேரம் கதவைத் திறந்து, கூட்டி, தேத்தண்ணி வைக்கிற ஒரு ஆளுக்கு மாதச் சம்பளம் கொடுங்கள். நடக்க ஏலாதவர்களை ஆட்டோவில் கூட்டிவர ஒரு பெடியன் கிடைத்தால் இன்னும் நல்லது.

எங்கள் பக்கத்தில் நாங்கள் கூழோடு தொடங்குகிறோம். ஒடியல் கூழ் இரண்டு பேருக்குக் காய்ச்சுகிற சாமான் இல்லை. ஒடியல் மாவை, அதுதான் காய்ந்த பனங்கிழங்கு மாவை, முதலே ஊறப் போட்டு, கைப்புப் போகத் தண்ணீரை வடிக்க வேண்டும். பிறகு நண்டு, இறால், மீன்தலை, மரவள்ளி, பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கை இலை. செத்தல் மிளகாயும் பழப்புளியும் அரைத்துக் கரைத்து விட வேண்டும். ஒரு வீட்டில் மா, ஒரு வீட்டில் பானை, கடற்கரையில் இருந்து நண்டு. மச்சம் சாப்பிடாதவர்களுக்கு வேறு பானை.

ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு நிலையத்தைத் திறந்து வைப்போம். இந்த ஒழுங்கை, அந்த ஒழுங்கை, எந்தக் குறிச்சி என்று பார்க்க வேண்டாம். கூழ் குடிக்கப் பிலாவிலை கோலிக்கொண்டு வாருங்கள், வீட்டில் இருக்கிற வயதானவர்களையும் கூட்டி வாருங்கள்.