கடலில் போனவர் பெயரைத் தேடுவது எப்படி

அவையோருக்கு வணக்கம்.

விஷமக்காரப் பிள்ளையைப் பார்த்தால் 'சரியான எம்டன்' என்கிறோம். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னை மீது குண்டு போட்ட ஜெர்மன் கப்பலின் பெயர் அது. அன்று எரிந்த எண்ணெய்த் தொட்டிகளைப் பற்றிப் பேசாதவர் இல்லை. துறைமுகத்தில் நின்ற 'சுப்ரா' என்ற சரக்குக் கப்பலிலும் குண்டு விழுந்தது, மாலுமிகள் செத்தார்கள். அவர்களில் ஒருவர் பெயரையாவது நாம் கேள்விப்பட்டிருக்கிறோமா? சுட்ட கப்பலுக்குத் தமிழில் ஒரு சொல்லே கிடைத்துவிட்டது.

இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியர். லஸ்கர் என்று ஒரே சொல்லில் அடக்கினார்கள். கப்பலுக்குள் ஆளுக்கொரு பதவி உண்டு: மேல்தளக் கூட்டத்துக்குத் தலைவர் செராங், அவருக்கு அடுத்தவர் டிண்டல், சுக்கான் பிடிப்பவர் சீகன்னி, சமைப்பவர் பண்டாரி. ஆங்கிலப் பதிவேட்டில் டிண்டல் என்று பார்த்தால் மிரள வேண்டாம். நம் தோணிகளில் இன்றும் சொல்கிற தண்டல்தான் அது. சீகன்னி நம்முடைய சுக்கானி.

இவர்களில் அதிகம் செத்தவர்கள் கீழே வேலை பார்த்தவர்கள். காரணம் எளிது. நீர்மூழ்கி ஏவும் டார்பிடோ குண்டு நீர்மட்டத்துக்குக் கீழே அடிக்கும். கொதிகலன் அறையும் எந்திர அறையும் இருப்பது அங்கேதான். நான்கு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு என்பது முறை. அடி விழும் நேரத்தில் யாருடைய முறையோ, அவர் கதை பெரும்பாலும் அங்கேயே முடிந்தது. நீராவிக் குழாய் வெடித்தால் வெந்துபோவார்கள். டைனமோ நின்றால் விளக்கு அணையும். இரும்பு ஏணியைத் தடவித்தான் ஏற வேண்டும், அந்த ஏணியும் வளைந்திருக்கலாம். மேலே வந்தவருக்கு மட்டும் நிம்மதியா? கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தால், உயர்ந்த பக்கத்துப் படகு கப்பலின் உடம்பிலேயே உரசி மாட்டிக்கொள்ளும். எந்திரத்தை நிறுத்த ஆளில்லாமல் கப்பல் ஓடிக்கொண்டே இருந்தால், இறக்கிய படகு நீரைத் தொட்டதும் கவிழும். அப்புறம் வட அட்லாண்டிக் குளிர்.

'திலாவா' கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். 1942 நவம்பர் 20 அன்று பம்பாயிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டது. 23ஆம் தேதி ஐ-29 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கியது. முதல் டார்பிடோவில் கப்பல் உடனே மூழ்கவில்லை. இரண்டாவது வந்து முடித்தது. 958 பேரில் 280 பேர் இறந்தார்கள். அதே கப்பலில் 2,364 வெள்ளிக் கட்டிகள் இருந்தன. 2017இல் அவற்றைக் கடலடியிலிருந்து எடுத்தார்கள். வழக்கு பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் வரை போய் 2024இல் தீர்ப்பானது. வெள்ளிக்குக் கட்டி கட்டியாகக் கணக்கு இருக்கிறது, பாருங்கள்.

சரி, ஒரு பெயரை எப்படித் தேடுவது? வீட்டில் 'தாத்தா கப்பலோடு போய்விட்டார்' என்ற ஒரு வரி மட்டும் இருக்கிறது என்று வையுங்கள். முதலில் வேண்டியது கப்பலின் பெயர். லண்டன் டவர் ஹில் நினைவிடத்தில், கடலைத் தவிர வேறு கல்லறை இல்லாத வணிக மாலுமிகளின் பெயர்களைக் கப்பல்வாரியாகத்தான் செதுக்கியிருக்கிறார்கள். முதல் போருக்கு 1928இல் திறந்த பகுதியில் சுமார் 12,000 பேர். இரண்டாம் போருக்கு 1955இல் திறந்த பகுதியில் ஏறக்குறைய 24,000 பேர். ஆனால் லஸ்கரை அங்கே தேடினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். பிரிட்டிஷ் கப்பலிலேயே செத்திருந்தாலும் இந்திய மாலுமிகளின் பட்டியல் தனி. இரண்டாம் போரில் இறந்த சுமார் 6,000 பேரின் பெயர்கள் மும்பை, சிட்டகாங் நினைவுப் பட்டியலில் இருக்கின்றன. மும்பையில் மஸ்ஜித் பந்தர் பக்கம் உள்ள இந்திய மாலுமிகள் இல்லத்துக்குப் போக வேண்டும். முதல் போரில் இறந்தவர்களுக்கான நினைவுச்சின்னமும் அதே இடத்தில்தான்.

நேரில் போகுமுன், போரில் இறந்தவர்களின் பெயர்களையும் கல்லறைகளையும் பேணும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலைப் பாருங்கள். அங்கே மூன்று இடத்தில் கால் தடுக்கும்.

ஒன்று எழுத்து. முகமது என்ற ஒரு பெயரையே ஆங்கிலத்தில் அரை டஜன் விதமாக எழுதியிருப்பார்கள். நம் 'ழ'வை எழுத்தர் என்ன பாடுபடுத்தியிருப்பார் என்று சொல்லவே வேண்டாம். தகப்பனார் பெயர் முன்னால் வந்திருக்கலாம், இனிஷியல் தொலைந்திருக்கலாம். முழுப்பெயரைப் போடாமல் முதல் மூன்று, நான்கு எழுத்து மட்டும் போட்டு, இறந்த ஆண்டை வைத்து வடிகட்டுங்கள்.

அடுத்து, கப்பல் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறியில் லண்டன், கிளாஸ்கோ என்று ஓர் ஊர் இருக்கும். அது கப்பல் பதிவான துறைமுகம். 'நம்ம ஆள் கிளாஸ்கோக்காரர் இல்லையே' என்று பதிவையே தள்ளிவிடாதீர்கள்.

மூன்றாவதுதான் மனதை உறுத்துவது. படைவீரர் பணியில் இருக்கும்போது நோயில் இறந்தாலும் ஆணையம் அவர் பெயரைச் சேர்த்துக்கொள்ளும். வணிக மாலுமிக்கு அப்படி இல்லை. போரின் காரணமாகச் செத்திருக்க வேண்டும். கப்பலில் காய்ச்சல் வந்து செத்து, உடலைக் கடலில் இறக்கியிருந்தால் பெயர் பட்டியலில் இருக்காது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை, விதி அதுதான்.

அப்படிப்பட்டவரைத் தேட வேண்டிய இடம், லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். இரண்டாம் போர்க்காலக் கப்பல் பணியாளர் பட்டியல்கள் பி.டி. 381 (BT 381) என்ற தொகுப்பில் உள்ளன. கப்பல் எந்தத் தேதியில் எந்தத் துறைமுகத்தில் நின்றது என்ற அட்டைகள் பி.டி. 389இல். கப்பல் பெயரும் உத்தேச ஆண்டும் கையில் இருந்தால் அட்டையில் தொடங்குங்கள். இல்லையென்றால் வீட்டுப் பெட்டியில் பழைய கடிதம், மணியார்டர் ரசீது, மாலுமிப் புத்தகம் ஏதாவது கிடக்கிறதா என்று முதலில் துழாவுங்கள். கப்பல் பெயர் அதில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும்.