கறுப்பு பம்பரில் வெள்ளைத் திட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

காரின் பெயின்ட்டைப் பற்றி எல்லோரும் அக்கறையாகப் பேசுகிறார்கள். நான் இன்றைக்குப் பேச வந்திருப்பது பெயின்ட் அடிக்காத பாகங்களைப் பற்றி. பம்பரின் அடிப்பகுதி, சக்கரத்தைச் சுற்றி வளைந்து போகும் கறுப்புப் பட்டை, கதவின் கீழ்ப்பக்கம் ஓடும் மோல்டிங், பக்கக் கண்ணாடியின் அடிக்கட்டை, முன் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் பொருத்தியிருக்கும் நீளத் தட்டு. எல்லாம் சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக். கொஞ்ச காலம் வண்டி ஓடியதும் இவற்றின் மேல் வெள்ளைத் திட்டு வரும், சாம்பல் பூத்த மாதிரி ஆகும், தார்ப் புள்ளி விழும், தண்ணீர் வழிந்த கோடு நிற்கும். ஷாம்பு போட்டுக் கழுவினால் ஈரம் இருக்கும்வரை எல்லாம் போய்விட்டது போலத் தெரியும். காய்ந்ததும் திட்டு அதே இடத்தில் இருக்கும்.

வண்டிகளைச் சுத்தம் செய்வதையே தொழிலாகக் கொண்டவன் நான். கறையால் கெட்ட பாகங்களைவிட, கறையை எடுக்கப்போய்க் கெட்ட பாகங்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். கையில் கிடைத்ததை ஊற்றி, பலம் கொண்ட மட்டும் தேய்த்து, கடைசியில் அந்த இடம் மட்டும் பளபளவென்று மழுங்கிப்போயிருக்கும். மழுங்கிய சொரசொரப்பைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. அதனால்தான், தேய்ப்பதற்கு முன்னால் அது என்ன கறை என்று பாருங்கள் என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் பாகங்கள் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. இடித்தால் உடையாமல் வளைந்து கொடுப்பதற்காக அதில் ஈபிடிஎம் என்ற ரப்பரைக் கலப்பார்கள். விறைப்பாக நிற்பதற்கு டால்க் தூள் சேர்ப்பார்கள். கறுப்பு நிறம் கார்பன் பிளாக் என்ற கரித்தூளிலிருந்து வருகிறது. வெயிலின் புற ஊதாக் கதிர் உள்ளே இறங்காமல் தடுப்பதும் அதே கரித்தூள்தான். கழற்றிய பாகத்தைத் திருப்பிப் பார்த்தால் இந்தக் கலவையைக் குறிக்கும் எழுத்துகள் வார்ப்பிலேயே பதிந்திருக்கும். 'டிடி 20' என்று இருந்தால் 100 பங்கில் 20 பங்கு டால்க் தூள் என்று அர்த்தம்.

பாலிபுரொப்பிலீனின் ஒரு குணம் நமக்குச் சாதகமானது. அதன்மேல் எதுவும் எளிதில் ஒட்டாது. பம்பருக்கு பெயின்ட் அடிப்பவர்கள் முதலில் அதற்கென்று தனி பிரைமர் பூசுவதே இதனால்தான். அப்படியானால் கறை மட்டும் எப்படி ஒட்டியது? பல கறைகள் ஒட்டவே இல்லை. மேற்பரப்பில் தோல் வரி போல நுணுக்கமான பள்ளங்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றுக்குள் போய் மாட்டிக்கொண்டிருக்கின்றன. துணி அந்த மேடுகளின் தலையை மட்டும் தடவிவிட்டுப் போகும், பள்ளத்துக்குள் இறங்காது. அழுத்தித் தேய்த்தால் மேடுதான் தேயும். ஆகவே இங்கே வேலை செய்ய வேண்டியவை இரண்டு: கறையை இளக்கும் திரவம் ஒன்று, பள்ளத்துக்குள் இறங்கும் மென்மையான பிரஷ் இன்னொன்று. பழைய டூத்பிரஷ்ஷே போதும்.

சரி, எந்தக் கறை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதன் வடிவத்தைப் பாருங்கள். வெள்ளைக் கோடு பெயின்ட்டின் ஓரத்தை ஒட்டியே போகிறதா, வட்ட வட்டமாகத் துணி இழுத்த தடம் தெரிகிறதா, அது வேக்ஸ் அல்லது பாலிஷ். வானத்தைப் பார்த்து வெயில் படும் பக்கம் முழுக்க வெளுத்து, நிழல் விழும் கீழ்ப்பக்கம் கறுப்பாகவே இருக்கிறதா, அது கறையே இல்லை. பிளாஸ்டிக்கே வெயிலில் சிதைந்திருக்கிறது. சொட்டுச் சொட்டாக, ஓரம் மட்டும் வெள்ளையாக வளையம் இருந்தால் உப்புத் தண்ணீர் காய்ந்த தடம். சக்கரத்துக்குப் பின்பக்கம் கறுப்பாக, தொட்டால் மேடாகத் தெரிந்தால் தார். நனைத்துப் பார்ப்பதை மட்டும் நம்ப வேண்டாம். வேக்ஸ் ஆனாலும் வெயில் வெளுப்பு ஆனாலும் ஈரத்தில் கறுத்துத்தான் தெரியும், அதை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. கழுவிக் காய்ந்த இடத்தை ஈரமான கறுப்புத் துணியால் ஒரு இழுப்பு இழுங்கள். மாவு மாதிரி வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வந்தால், பெரும்பாலும் அது வெயில் வெளுப்பு.

வேக்ஸ் கறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னிடம் அதிகம் வருவது அதுதான். வேக்ஸும் பாலிஷும் வழவழப்பான பெயின்ட்டுக்காகவும் குரோமுக்காகவும் வந்தவை. ஒரு காலத்தில் பம்பர் என்றாலே குரோம் பூசிய இரும்பு. பிளாஸ்டிக் பம்பரோடு வந்த முன்னோடிகளில் ஒன்று 1972-ல் வெளியான ரெனோ 5 என்ற பிரெஞ்சுக் கார். வண்டியின் உடம்பு மாறிவிட்டது, பாலிஷ் போடும் கை மட்டும் பழைய பழக்கத்திலேயே ஓரம் தாண்டிப் போய்விடுகிறது. பாலிஷில் மெழுகோடு, பெயின்ட்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் மிக நுண்ணிய தூளும் இருக்கும். திரவம் ஆவியாகிப் போனதும் அந்தத் தூள் மெழுகோடு சேர்ந்து பள்ளத்தில் இறுகிவிடும். தூளில் ஒளி சிதறுவதால் வெள்ளையாகத் தெரிகிறது.

இதற்கு முதலில் நான் எடுப்பது பென்சில் ரப்பர். சிரிக்க வேண்டாம், வேக்ஸ் புதிதாகவும் திட்டு சிறிதாகவும் இருந்தால் இதைப்போல ஒன்று கிடையாது. மென்மையான வெள்ளை ரப்பராக இருக்க வேண்டும். மையை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் கூடாது. மெதுவாக அழித்தால் காய்ந்த வேக்ஸ் ரப்பர் துகளில் சுருண்டு வந்துவிடும்.

பெரிய பரப்பு என்றால் வெதுவெதுப்பான தண்ணீரும் எல்லா அழுக்குக்கும் பொதுவாக விற்கும் கார் கிளீனரும் எடுத்துக்கொள்ளுங்கள். 1 பங்கு கிளீனருக்கு 10 பங்கு தண்ணீர் கலந்து தொடங்குவது வழக்கம், ஆனால் பாட்டிலில் வேறு அளவு போட்டிருந்தால் அதுதான் சரி. நிழலில், பாகம் தொட்டால் சூடில்லாமல் இருக்கும்போது அடியுங்கள். அரை நிமிடம் ஊறட்டும், காய விடக் கூடாது. பிறகு பிரஷ்ஷால் எல்லாத் திசையிலும் லேசாகச் சுழற்றுங்கள். கிளம்பி வந்த அழுக்கை உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். இதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். பிரஷ் கிளப்பிய வேக்ஸை அங்கேயே விட்டால் அது திரும்பப் பள்ளத்திலேயே இறங்கும். துணியைத் திருப்பித் திருப்பிச் சுத்தமான பக்கத்தால் ஒற்ற வேண்டும்.

அப்படியும் போகாவிட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சம அளவு தண்ணீரில் கலந்து, துணியில் நனைத்துத் துடைக்கலாம். ஆல்கஹால் மெழுகை முழுக்கக் கரைக்காது. ஆனாலும் மெழுகோடு வந்த எண்ணெயையும் சிலிக்கோனையும் எடுத்துவிடும், மீதி பிரஷ்ஷுக்கு எளிதாகும். பல வருடப் பழைய வேக்ஸுக்கு நீராவி நல்லது. பல வேக்ஸ்களில் சேர்க்கும் கார்னூபா என்ற பனை மெழுகு உருகுவதற்கு ஏறத்தாழ 82 முதல் 86 டிகிரி செல்சியஸ் வேண்டும், அதனால் வெந்நீரில் அது இளகுமே தவிர உருகாது. நீராவிக் குழாயை ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே, பின்னாலேயே துணியால் துடைத்துக்கொண்டு போக வேண்டும். நிலக்கடலை வெண்ணெய் தடவுங்கள் என்று ஒரு யோசனையும் பரவலாக இருக்கிறது. அதிலுள்ள எண்ணெய் வேக்ஸை இளக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த எண்ணெயைப் பள்ளத்திலிருந்து எடுப்பது தனி வேலை, மிச்சம் இருந்தால் தூசி வந்து அப்பிக்கொள்ளும். நான் அதைச் சொல்ல மாட்டேன்.

மற்றக் கறைகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். உப்புத் தண்ணீர் வளையத்துக்கு, வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்த்து நனைத்த துணியை ஒரு நிமிடம் போட்டு வைத்து, பிரஷ் செய்து, நிறையத் தண்ணீரில் அலசுங்கள். வினிகரும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், இரண்டையும் ஒரே வாளியில் ஒருபோதும் சேர்க்காதீர்கள். தாருக்கு அதற்கென்று விற்கும் ரிமூவர், இல்லாவிட்டால் துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய். வைத்து இளக்கி எடுத்ததும் சோப்பு நீரால் கழுவிவிட வேண்டும், ஊற விடக் கூடாது. பெட்ரோல் வேண்டவே வேண்டாம், அதன் ஆவி எங்கிருந்தோ வரும் ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். மரப் பிசினுக்கு ஆல்கஹால் நன்றாக வேலை செய்யும். பறவை எச்சத்தை ஈரத்துணி போட்டு ஊறவைத்த பிறகே தொடுங்கள். காய்ந்த எச்சத்தில் மண் இருக்கும், அப்படியே தேய்த்தால் கீறிவிடும்.

எதைப் பூசுவதானாலும் முதலில் கண்ணுக்குப் படாத மூலையில் வைத்துப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் பாகங்களையும் கவனியுங்கள். ஹெட்லைட் கண்ணாடி என்று நாம் சொல்வது பல வண்டிகளில் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். நெயில் பாலிஷ் எடுக்கும் அசிட்டோன், தின்னர் எல்லாம் அதில் பட்டால் முடி போன்ற விரிசல் விழும். டிரிம் என்று சொல்லும் ஓரப் பட்டை, மோல்டிங் போன்ற பாகங்கள் சில ஏபிஎஸ் என்ற வேறு வகை பிளாஸ்டிக்கில் வருகின்றன, அதை அசிட்டோன் கரைத்தே விடும். கண்ணாடி போலப் பளபளக்கும் கறுப்பு டிரிம்முக்கு நான் சொன்ன பிரஷ் முறை பொருந்தாது. அதைப் பெயின்ட் மாதிரியே நினைத்து, மென்மையான துணியை மட்டும் பயன்படுத்துங்கள்.

மெலமைன் பஞ்சு என்று வெள்ளையாக ஒரு பஞ்சு விற்கிறார்கள். வெறும் தண்ணீரிலேயே கறையை எடுக்கிறதே என்று ஆச்சரியமாக இருக்கும். அது ஒரு நுண்ணிய உப்புத்தாள், கறையோடு மேட்டையும் சேர்த்துத்தான் எடுக்கிறது. இந்தப் பாகங்களுக்கு அது வேண்டாம்.

அடுத்து வெயில் வெளுப்பு. புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு பிளாஸ்டிக்கின் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் மேல்தோலில் துண்டாகின்றன. கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் விழுகின்றன, உள்ளே இருந்த டால்க் தூள் வெளியே வருகிறது. இதைக் கழுவிப் பழைய கறுப்புக்குக் கொண்டுவர முடியாது. தளர்ந்த மாவை மட்டும் பிரஷ்ஷால் எடுக்கலாம், அதன்மேல் ஏதாவது பூசித்தான் நிறத்தை மீட்க வேண்டும்.

அப்போதுதான் மக்கள் என்ஜின் ஆயிலையும் டீசலையும் எடுக்கிறார்கள். பூசிய அன்றைக்குப் புதிது மாதிரி மின்னும், மறுக்கவில்லை. ஆனால் கலவையில் இருக்கும் ஈபிடிஎம் ரப்பருக்குப் பெட்ரோலிய எண்ணெய் ஆகாது, அதை உறிஞ்சி உப்பி இளகிவிடும். கதவைச் சுற்றி இருக்கும் ரப்பர் பட்டையும் பல வண்டிகளில் அதே ஈபிடிஎம்தான். ஓடிக் கழித்த என்ஜின் ஆயிலில் தோலுக்கும் உடம்புக்கும் கேடு செய்யும் பொருட்கள் சேர்ந்திருக்கும், அதை வெறும் கையால் தடவுவதைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

இன்னொன்று ஹீட் கன். சூடான காற்றை அடித்தால் வெளுத்த பிளாஸ்டிக் கண் முன்னே கறுப்பாகிறது. உள்ளிருந்து எண்ணெய் வெளியே வருகிறது என்று விளக்கம் சொல்வார்கள். நடப்பது வேறு: விரிசல் விட்ட மேல்தோல் லேசாக உருகி மூடிக்கொள்கிறது, அவ்வளவுதான். சிதைந்த மூலக்கூறு சிதைந்ததுதான், வெயில் திரும்பவும் அதை வெளுக்கும். பாலிபுரொப்பிலீன் சுமார் 160 டிகிரியில் உருகும், பல ஹீட் கன்களோ 500 டிகிரியைத் தொடும். ஒரு நொடி கை நின்றால் வார்ப்பில் இருந்த வரி போய்விடும், பக்கத்துப் பெயின்ட் கொப்பளிக்கலாம். எத்தனை பேர் செய்து காட்டினாலும் சொந்த வண்டியில் இதைச் செய்ய நான் யாரையும் சொல்ல மாட்டேன்.

பூசுவதற்கு மூன்று வகை இருக்கின்றன. சிலிக்கோன் டிரெஸ்ஸிங் என்ற மினுக்குப் பூச்சு பூசுவதற்கு மிகச் சுலபம், சில மழையிலேயே வழிந்துவிடும், வழியும்போது பக்கத்துப் பெயின்ட்டில் கோடு போடும். நிறமி கலந்த டிரிம் டை அதைவிட அதிக நாள் நிற்கும். சிலிக்கா அடிப்படையிலான செராமிக் கோட்டிங் இவற்றில் நீண்ட காலம் வரும், ஆனால் சுத்தம் செய்வதில் சிறு குறை இருந்தாலும் அதையும் உள்ளே வைத்து மூடிவிடும். எதுவானாலும் பழைய டிரெஸ்ஸிங்கை முழுக்கக் கழுவி எடுத்து, ஆல்கஹால் துடைப்பு கொடுத்து, நன்றாகக் காயவிட்ட பிறகே பூசுங்கள். வைப்பர் தட்டின் இடுக்கிலும் மோல்டிங்கின் ஓரத்திலும் தண்ணீர் ஒளிந்துகொண்டு நிற்கும், கண்ணுக்குக் காய்ந்தது போலத் தெரிந்தாலும் துணியின் முனையை உள்ளே விட்டு ஒற்றிப் பாருங்கள். கோட்டிங்கைக் கொஞ்சமாக எடுத்து, பஞ்சால் பள்ளத்துக்குள் அழுத்திப் பூசி, மிகுந்ததைத் துணியால் துடைத்துவிட்டு, டப்பாவில் சொல்லியிருக்கும் நேரம்வரை வண்டியில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை பெயின்ட்டுக்கு வேக்ஸ் போடும் முன் இந்தப் பாகங்களின் ஓரத்தில் மாஸ்கிங் டேப்பை ஒட்டிவிடுங்கள். வேக்ஸ் முடிந்ததும், டேப் வெயிலில் காய்ந்து பசை விடும் முன், அன்றைக்கே உரித்துவிட வேண்டும்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், பேச அழைத்த வானொலி நிலையத்தாருக்கும் என் நன்றி. வணக்கம்.