தொப்பிக்காரர் பேரு என்ன?

வணக்கம். ரேடியோல பேசிப் பழக்கமில்ல, கொஞ்சம் அப்படி இப்படிப் போனா பொறுத்துக்குங்க.

நான் இருக்கறது கலிபோர்னியால சலினாஸ் பக்கம். சாலட்ல போடற லெட்டூஸ் இங்கேர்ந்துதான் லாரி லாரியா போகுது, அதைக் குனிஞ்சு அறுக்கறவங்க பெரும்பாலும் மெக்சிகோ பூர்வீகமா இருக்கற குடும்பங்க. இந்தக் கோடை லீவுல ஹைஸ்கூல் பசங்களுக்கு ஒரு இன்டர்ன்ஷிப், கைச்செலவுக்குக் காசும் உண்டு, வேலை என்னன்னா தெருவுல இருக்கற பெரியவங்ககிட்ட பேசி ரெக்கார்ட் பண்றது, வீட்ல கெடக்கற போட்டோ, காகிதம் எல்லாம் ஸ்கேன் பண்றது. நானும் கூட போனேன். ஸ்பானிஷ் அரைகுறை, ஸ்கேனர் மட்டும் நல்லா வரும்.

மொத வாரம் ஒண்ணும் தேறல. "உங்க வாழ்க்கை வரலாற்றச் சொல்லுங்க"ன்னு பசங்க கேக்க, பாட்டி "சொல்ல என்ன இருக்கு"ன்னுட்டாங்க, ரெக்கார்டிங் முழுக்க பிரிட்ஜ் சத்தம்தான். அப்புறம் ஒரு பொண்ணு "வயல்ல மத்தியானம் என்ன சாப்டீங்க"ன்னு கேட்டா. அவ்ளோதான், ஒன்றரை மணி நேரம் நிக்கல.

எண்பது தாண்டின ஒரு தாத்தா பேசிட்டே எழுந்து போய் ஷெட்லேர்ந்து ஒரு மண்வெட்டி எடுத்துட்டு வந்தாரு. காம்பு ரெண்டு அடிகூட இல்ல, நம்ம ஊரு களைக்கொத்து சைஸ்தான். இங்க அதுக்குப் பேரு எல் கோர்த்தீத்தோ, குட்டைன்னு அர்த்தம். நாள் பூரா இடுப்ப மடிச்சுத்தான் பிடிக்க முடியும், எவனாவது நிமிந்தா மேஸ்திரிக்குத் தூரத்துலேர்ந்தே தெரிஞ்சுடும், முதலாளிங்களுக்கு அது வசதி. முதுகு போனவங்க கேஸ் போட்டு, 1975லதான் கலிபோர்னியால தடை வந்துச்சு. பேரன் அதை வாங்கி ரெண்டு நிமிஷம் குனிஞ்சு பாத்தான், அப்புறம் தாத்தா ஏன் கோணலா நடக்கறாருன்னு அவன் கேக்கவே இல்ல.

1942லேர்ந்து 1964 வரைக்கும் பிராசெரோன்னு ஒரு திட்டம், மெக்சிகோ ஆளுங்கள ஒப்பந்தக் கூலிக்குக் கூட்டிட்டு வந்தாங்க, மொத்தம் நாப்பது லட்சத்துக்கு மேல ஒப்பந்தம். ஆரம்ப வருஷங்கள்ல சேமிப்புன்னு சொல்லி கூலில பத்து பர்சென்ட் பிடிச்சாங்க, நிறைய பேருக்கு அது கைக்கு வரவே இல்ல. பல வருஷம் கழிச்சு அந்தப் பணத்தைக் கேட்டப்போ பழைய ஒப்பந்தத்தக் காட்டுன்னாங்க. பிஸ்கட் டின்ல மடிச்சு வச்ச மஞ்சக் காகிதத்த யாரும் தூக்கிப் போடாததுக்கு அதான் காரணம்.

1963 செப்டம்பர் 17, சலினாஸ்க்குப் பக்கத்துல சுவாலர். லாரிய பஸ் மாதிரி மாத்தி, நீளமா பெஞ்சு போட்டு பிராசெரோங்கள ஏத்திட்டு வந்தாங்க, தண்டவாளம் தாண்டறப்ப சரக்கு ரயில் மோதி 32 பேர் செத்துட்டாங்க. யாரு யாருன்னு அடையாளம் சொல்லவே திண்டாட்டமாப் போச்சாம், பல பேர, கூடவே வேலை செஞ்சவங்களுக்கே பட்டப்பேர்லதான் தெரியும். பசங்கள்ல பல பேரு அந்த ரோட்டு வழியா தினம் போறவங்க, ஒருத்தனுக்கும் இது தெரியாது. எனக்கு மட்டும் தெரிஞ்சுதாக்கும்.

அதுக்கப்புறம் பசங்க ஒரு ரூல் போட்டாங்க. போட்டோவ ஸ்கேன் பண்ணிட்டு சும்மா திருப்பிக் குடுக்கக் கூடாது, பேரு கேக்கணும், பின்பக்கம் பென்சில்ல மெதுவா எழுதணும், பேனால எழுதினா மை முன்னாடி ஊறிடும்.

ஒரு பாட்டி குடுத்த போட்டோல ஒன்பது பேரு, லெட்டூஸ் பெட்டி மேல உக்காந்திருக்காங்க. எட்டு பேரோட பேரு வந்துடுச்சு. ஓரத்துல தொப்பி போட்டவர மட்டும் பாட்டிக்கு ஞாபகம் வரல, "நல்லா பாடுவான், எனக்கு இருபது டாலர் தரணும்"ங்கறாங்க. இப்போதைக்கு அப்படியேதான் எழுதி வச்சிருக்கு.