போனைப் பிடுங்கினால் போதுமா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

வீடியோ கேம் அடிமைத்தனத்துக்குத் தீர்வு தடையா, சிகிச்சையா என்பது தலைப்பு. எதிரணித் தலைவர் அடித்துப் பேசினார்: "போனைப் பிடுங்கு, வைஃபையை அணை, ஒரே வாரத்தில் பையன் திருந்திவிடுவான்!" கைதட்டல் பறந்தது. தட்டிய பெற்றோரின் கோபம் நியாயம்தான் ஐயா. அவர் சொன்ன வைத்தியம்தான் உதவாது.

ஒரு நாடே தடை போட்டுப் பார்த்தது. தென் கொரியாவில் 2011இல் சட்டம் வந்தது: 16 வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை 6 மணிவரை ஆன்லைன் கேம் ஆடக்கூடாது. பிள்ளைகள் என்ன செய்தார்கள்? அப்பா, அம்மாவின் அடையாள எண்ணைப் போட்டு உள்ளே போனார்கள்! போதாக்குறைக்கு ஆட்டம் கணினியிலிருந்து மொபைலுக்குத் தாவிவிட்டது. 2021இல் அந்த அரசே சட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. கண்டிப்பு முற்றி, முகாமில் அடைத்து மின்னதிர்ச்சி கொடுத்த கொடுமையும் சீனாவில் நடந்தது. 2009இல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சகமே அதை நிறுத்தச் சொன்னது.

இது நோயா, கொழுப்பா என்று கேட்டார்கள். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இது இருக்கிறது. எத்தனை மணி நேரம் ஆடினான் என்று அது எண்ணவில்லை. ஆட்டத்தை அடக்க முடிகிறதா, மற்ற எல்லாவற்றையும் ஆட்டம் பின்னுக்குத் தள்ளிவிட்டதா, கெடுதல் தெரிந்தும் தொடர்கிறானா என்று கேட்கிறது. அதுவும் பொதுவாக 12 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். லீவில் நாலு நாள் விடிய விடிய ஆடியவனை நோயாளி என்று நானும் சொல்ல மாட்டேன். அவனுக்கு வேண்டியது தூக்கம்.

மற்றவன் கதை வேறு. வகுப்பில் யாரும் கூப்பிடாத பையனுக்கு ஆட்டத்தில் ஒரு பட்டம் இருக்கிறது, அவன் வராவிட்டால் தவிக்கிற அணி இருக்கிறது. ஆட்டத்துக்குள் திறக்கிற எந்தப் பெட்டியில் எப்போது பரிசு வரும் என்று தெரியாததால் கை நிற்பதில்லை. சூதாட்ட இயந்திரத்துக்குள் இருக்கும் சூத்திரமும் இதுதான். இவர்களில் பலருக்கு மனச்சோர்வோ பதற்றமோ கவனக்குறைபாடோ கூடவே இருக்கிறது. போனைப் பிடுங்கினால் மனச்சோர்வும் போனோடு போய்விடுமா?

சிகிச்சை என்றால் என்ன? பேசிப் பேசி எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றுகிற அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் முதலில் பூட்டு போடுவதில்லை. எந்த நேரத்தில், என்ன மனநிலையில் கை போனைத் தேடுகிறது என்று அவனையே குறித்துவரச் சொல்கிறார்கள். பரீட்சை பயமா, வீட்டுச் சண்டையா, தனிமையா என்று அதில் தெரிந்துவிடும். பிறகு அந்தப் பயத்தோடு வேலை நடக்கிறது, தூக்கம் சீராக்கப்படுகிறது, பெற்றோரும் உட்கார வைக்கப்படுகிறார்கள். (அப்பாக்களுக்கு இதுதான் கஷ்டம்!) இதற்கென்று தனி மாத்திரை கிடையாது, மனச்சோர்வு இருந்தால் அதற்கு மருந்து உண்டு.

"சிகிச்சைக்குப் போனவனும் மறுபடி ஆடுகிறானே" என்பார் அடுத்து வரும் எதிரணி நண்பர். ஆடுவான் ஐயா. சறுக்கினால் எப்படி எழுவது என்பதும் சிகிச்சையில் ஒரு பாடம். அவரிடம் எனக்கொரு கேள்வி: போனைப் பிடுங்கிய அன்று சாயங்காலம் அந்தப் பையன் யாரோடு பேசுவான்? பதில் சொல்லிவிட்டு அவர் தன் உரையைத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.