இறங்கும் கால்

(குன்னூரில் மூத்தோர் கூட்டம் ஒன்றில் இயன்முறை மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, வணக்கம். அரை மணி நேரம் முன்பே வந்து வாசலில் நின்றிருந்தேன். உங்களை வரவேற்க என்று நினைத்திருப்பீர்கள். நீங்கள் படியேறுவதைப் பார்க்கத்தான் நின்றேன். இந்த மண்டபத்துக்கு 14 படிகள். கைப்பிடிக் கம்பி ஒரு பக்கம் மட்டும். பச்சைச் சால்வை போர்த்திய ஓர் அம்மா ஏழாவது படியில் நின்றார். மூச்சு வாங்கியதை மறைக்க, பின்னால் வந்தவரிடம் தேயிலைக் கொழுந்து விலை விசாரித்தார்.

சமவெளியில் வேலை பார்த்தபோது, "எவ்வளவு தூரம் நடப்பீர்கள்?" என்று கேட்பேன். இங்கே அந்தக் கேள்வி செல்லாது. "ரோட்டிலிருந்து வீட்டுக்கு எத்தனை படி?" என்றுதான் கேட்க வேண்டும்.

ஏறினால் மூச்சு வாங்கும். இறங்கினால் முட்டி நோகும். இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே உடம்பைப் பிடித்து நிறுத்த வேண்டும். பர்லியாறுக்கு இறங்கும் சுமை லாரியின் பிரேக் படும் பாடு அது. ஒவ்வொரு படிக்கும் நம் எடையைப் போல மூன்று மடங்குக்கும் மேலான பாரம் முட்டியில் விழுகிறது. தசை தளர்ந்திருந்தால் மூட்டு தனியாகத் தாங்குகிறது.

"முட்டி தேய்ந்துவிட்டது, பேசாமல் படுத்திரு" என்று பிள்ளைகள் அன்பாகச் சொல்வார்கள். எனக்கு அந்த அன்பைக் கண்டால்தான் பயம். வயதான உடம்பு படுக்கையில் கிடந்தால் சில நாட்களிலேயே தசை கரையத் தொடங்கிவிடும்.

1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து இங்கே கொழுந்து பறித்த ஒரு பாட்டி. வயது 74. கம்பளி சாக்ஸோடு சிமென்ட் தரையில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அறுவை சிகிச்சை நன்றாகவே நடந்தது. மறுநாளே எழுப்பி நிற்கவைத்திருக்க வேண்டும், யாரும் செய்யவில்லை. இரண்டு மாதம் கழித்து நான் பார்த்தபோது தொடை என் முன்கை அளவுதான் இருந்தது.

கையுள்ள நாற்காலியைச் சுவரோரம் போட்டு, எழுந்து உட்காரச் சொன்னேன். எழுவதைவிட உட்காருவதில்தான் சூட்சுமம்: தொப்பென்று விழாமல், மூன்று எண்ணும்வரை மெதுவாக. உட்காருவதும் ஓர் இறக்கம்தானே! முதலில் கைகளை ஊன்றி, பிறகு மார்பில் கட்டிக்கொண்டு. ஐந்து முறை செய்தால் "அரைப் பேர்" என்பார், பத்து முறை செய்தால் "முழுப் பேர்". தோட்டத்தில் நாள் சம்பளம் போடும் கணக்கு அது; ஒரு நாள் சம்பளம் ஒரு 'பேர்'. ஒரு நாள் எட்டில் நிறுத்தச் சொன்னேன். "பேரை வெட்டிடாதீங்க ஐயா" என்று சண்டைக்கு வந்துவிட்டார். நான்காம் மாதம் கம்பியைப் பிடித்து ரோட்டுக்கு இறங்கினார்.

ஊன்றுகோலைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே பாதிப் பேர் வலிக்கிற பக்கமே பிடித்திருக்கிறீர்கள்; எதிர்க் கையில் பிடியுங்கள். கையைத் தொங்கவிட்டால் பிடி மணிக்கட்டுக்கு நேராக வர வேண்டும். அடி ரப்பர் தேய்ந்திருந்தால் இன்றே மாற்றுங்கள். மழைக்காலத்தில் பாசிப் படி சும்மா விடாது. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோகிற கால் முதலில்.

வெளியே வர முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

வீட்டில் இதைச் சோதித்துப் பாருங்கள்: நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் வழக்கமான நடையில் நடந்து, திரும்பி வந்து உட்காருங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ பிடித்தால் விழும் ஆபத்து இருக்கிறது, என்னிடம் வாருங்கள்.

டீ வந்துவிட்டது. குடித்துவிட்டு ஒவ்வொருவராக இறங்குங்கள், நான் கீழே நிற்கிறேன். கொழுந்து விலை கேட்ட அம்மா கம்பிப் பக்கமாக வரவும்.