எட்டடியா, ஒன்பதடியா?

நேயர்களுக்கு வணக்கம்.

ஐம்பதைத் தாண்டி அலைச்சறுக்கு, அதாவது சர்ஃபிங், கற்க வருகிறவர்களில் பலர், கடலில் இறங்கும் முன்பே, பலகை வாங்கும் இடத்திலேயே சறுக்கிவிடுகிறார்கள். கடையில் கண்ணைப் பறிப்பது கூர்மூக்கு வைத்த ஆறடிப் பலகை. இல்லையென்றால் அண்ணன் மகன் ஓட்டிவிட்டுப் பரணில் போட்டது ஒன்று சும்மா கிடைக்கும். இரண்டும் வேண்டாம். அப்படிப்பட்ட பலகையின் கன அளவு, அதாவது அது அடைத்துக்கொள்ளும் இடம், முப்பது லிட்டருக்குள்தான் இருக்கும். எழுபது கிலோ ஆள் படுத்தால் அது நீருக்கடியில் அமிழ்ந்துவிடும். கை வலிக்கத் துழாவினாலும் அலை நம்மைத் தாண்டிப் போய்விடும்.

பலகை நமக்குத் தர வேண்டியது நேரம். இருபது வயதுப் பையன் ஒரே உந்தலில், ஒரு வினாடிக்குள் எழுந்து நிற்பான். நமக்கோ முதலில் கை, பிறகு முட்டி, பிறகு ஒரு பாதம், பிறகுதான் இன்னொன்று என்று இரண்டு மூன்று வினாடி பிடிக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நீளமும் தடிமனும் உள்ள பலகை, அலை செங்குத்தாக எழுவதற்கு முன்பே, அது இன்னும் சாய்வான மேடாக இருக்கும்போதே வழுக்கத் தொடங்கிவிடும். நாம் முட்டி போட்டு எழுந்திருக்கத் தேவையான வினாடிகள் அங்கேதான் கிடைக்கின்றன. குட்டைப் பலகை அலை உடையும் கடைசி நொடியில்தான் ஏறும். அதற்குள் மூக்கு நீரில் குத்தி, ஆள் குப்புற விழுந்திருப்பார்.

எவ்வளவு பெரியது வேண்டும்? உங்கள் எடை கிலோவில் எத்தனையோ, அதோடு கால் பங்கு கூட்டுங்கள், அத்தனை லிட்டர். அறுபது கிலோவுக்கு எழுபத்தைந்து, எண்பது கிலோவுக்கு நூறு. சற்று முன்பின் இருக்கலாம். பலகையில் லிட்டர் எழுதியிருக்காவிட்டால் நீளம், அகலம், தடிமன் மூன்றையும் அங்குலத்தில் பெருக்கி, 61ஆல் வகுத்து, வருவதில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டடி நீளம், 22 அங்குல அகலம், மூன்று அங்குலத் தடிமன் என்றால் ஏறக்குறைய எழுபது லிட்டர் வரும். ஒன்பதடி, 23 அங்குலம், மூன்றேகால் என்றால் தொண்ணூறுக்குச் சற்றுக் கீழே. ஆக, அறுபது கிலோவுக்குள் இருப்பவர் எட்டடியில் தொடங்கலாம். எழுபத்தைந்தைத் தாண்டியவருக்கு ஒன்பதடிதான் சரி.

அப்படியானால் பத்தடி வாங்கிவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் மணல் குறுக்கே வருகிறது. நீரில் சுகமான பலகை கரையில் சுமை. நுரைப்பலகை, அதாவது ஃபோம் போர்டு, எட்டடியில் ஐந்தாறு கிலோ, ஒன்பதடியில் ஏழெட்டுக் கிலோ இருக்கும். எடையைக்கூடச் சமாளித்துவிடலாம். கடற்காற்று கிளம்பிவிட்டால் அது பாய் விரித்த தோணி மாதிரி ஆளைச் சுழற்றும். அதனால் வாங்கும் முன் இரண்டு சோதனை செய்யுங்கள். பலகையை நடுவில், அக்குளில் இடுக்கிப் பிடியுங்கள். விரல்கள் கீழ் விளிம்பைச் சுற்றி மடங்க வேண்டும். மடங்காவிட்டால் அந்த அகலம் உங்கள் கைக்குப் பெரிது. நீரிலும் தோளை அகட்டித் துழாவ வேண்டியிருக்கும், அந்த வலி வாரக்கணக்கில் நிற்கும். அடுத்து, அதைத் தூக்கிக்கொண்டு இருநூறு மீட்டர் நடந்து பாருங்கள். நடுவில் இறக்கி வைத்தீர்களா? அடுத்த அளவுக்கு இறங்குங்கள். இல்லையென்றால் தலைச்சுமையாகக் கொண்டுபோங்கள். துண்டைச் சும்மாடாகச் சுருட்டி வைத்தால் ஒன்பதடியும் தலையில் நிற்கும். நம் ஊரில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதல் பலகை நுரைப்பலகையாகவே இருக்கட்டும். கண்ணாடியிழை போர்த்திய பலகை அழகுதான். ஆனால் அது விலாவிலும் முட்டியிலும் இடிப்பதைத் தாங்கும் வயதை நாம் தாண்டிவிட்டோம். நுரைப்பலகையில் முட்டி ஊன்றி எழலாம். அடியில் வழுவழுப்பான பிளாஸ்டிக் தகடும், உள்ளே வளையாமல் தாங்க மரச்சட்டமும் இருக்கிறதா என்று கேளுங்கள். சட்டம் இல்லாத மலிவுப் பலகை நடுவில் தொய்ந்து வேகத்தைத் தின்றுவிடும். பின்னால் இருக்கும் மூன்று துடுப்புகளும், ஃபின் என்கிறார்களே அவை, வளையும் ரப்பர் வகையாக இருந்தால் தொடை கிழியாது.

பழைய பலகை என்றால் கட்டைவிரலால் மேல்தளம் முழுக்க அழுத்திப் பாருங்கள். சொதசொதவென்று உள்ளே போகும் இடத்தில் தோல் பிரிந்திருக்கிறது. ஃபின் மாட்டும் குழியைச் சுற்றி விரிசல் இருந்தால், வாலைக் கீழே சாய்த்துப் பத்து நிமிடம் நிறுத்துங்கள். நீர் சொட்டினால் அந்தப் பலகை கடலைக் குடித்திருக்கிறது. அதன் எடை இனிக் குறையாது.

லீஷ் எனப்படும் காலிணைப்புக் கயிறு பலகையின் நீளத்துக்கு இருக்க வேண்டும். குட்டையாக இருந்தால் விழுந்ததும் பலகை நம் மேலேயே திரும்பிப் பாயும். அதைப் பின்னால் வைக்கும் காலில் கட்டுங்கள். கணுக்காலில் ஒட்டும் பட்டையில் மணல் ஏறினால் பிடி விடும். ஒவ்வொரு முறையும் கழுவுங்கள். கால் வழுக்காமலிருக்கப் பலகையின் மேல் பூசும் மெழுகை வாங்கும்போது வெப்பக் கடலுக்கான கெட்டி வகையைக் கேளுங்கள். குளிர்நாட்டு மெழுகு நம் வெயிலில் நெய்யாக உருகி ஓடும்.

பலகை கிடைத்ததும் நீரில் படுத்து உங்கள் இடத்தைக் கண்டுபிடியுங்கள். மூக்கு நீருக்கு மேல் இரண்டு மூன்று விரற்கடை நிற்கும் இடம் அது. அங்கே மோவாய்க்கு நேராகப் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். அதற்கு முன்னால் படுத்தால் மூக்கு குத்தும், பின்னால் போனால் வால் அமிழ்ந்து பிரேக் போட்ட மாதிரி இழுக்கும். ‘அலை கிடைக்கவில்லை’ என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்குக் குறை பலகையில் இல்லை, படுக்கும் இடத்தில்தான்.

இடுப்பளவு நீரில், உடைந்து வரும் வெண்ணுரை அலையில் பழகுங்கள். பலகையை உங்களுக்கும் அலைக்கும் நடுவில் குறுக்காகப் பிடிக்காதீர்கள். அலை அதைத் தூக்கி முகத்தில் அறையும். விழும்போது தலைகீழாகப் பாயாமல் தட்டையாக விழுங்கள். எழும்போது கைகளால் தலையை மறைத்துக்கொண்டு மேலே வாருங்கள். நெடுநேரம் நெஞ்சை நிமிர்த்திக் குப்புறப் படுத்திருப்பது முதுகுத்தண்டுக்கு ஆகாது. அவ்வப்போது உட்கார்ந்து ஓய்வெடுங்கள். திடீரென முதுகு வலித்துக் கால் மரத்தால் உடனே கரையேறி நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

சென்னையை அடுத்த கோவளத்திலும், இலங்கையில் வெலிகமவிலும் அறுகம் குடாவிலும் பலகைகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. ஒரே காலையில் எட்டடியில் அரை மணி, ஒன்பதடியில் அரை மணி ஓட்டிப் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள். வாங்கிய பலகையைப் பூட்டிய காரில் வெயிலில் விடாதீர்கள். சூட்டில் நுரைக்கும் தோலுக்கும் நடுவே காற்று உப்பிக் கொப்புளம் கட்டும். நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் பக்கவாட்டு விளிம்பில் சாய்த்து வையுங்கள். எடை ஃபின்களின் மேல் விழும்படி வைத்தால் அவை வளைந்து, அப்படியே நின்றுவிடும்.